நேபாளத்தின் பொதுத் தெய்வங்கள்

ஒரு தேசத்தின் சமயம் இன்னது என்று அதன் அரசியல் சட்டத்தைப் புரட்டித் தெரிந்துகொள்ள முயல்வது, ஆற்றின் ஓட்டத்தைச் சர்வே படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முயல்வதை ஒக்கும். படத்தில் கோடு இருக்கும், நீர் இராது. இதற்கு இமயமலைச் சாரலிலுள்ள நேபாள தேசத்தைவிடத் தக்க உதாரணம் வேறு கிடைப்பது அரிது. 1962ம் வருஷத்து அரசியல் சட்டம் அத்தேசத்தை இந்து ராஜ்யம் என்றது. 2006ம் வருஷம் மே மாதம் அந்நாட்டுப் பிரதிநிதி சபை, அது சமயச் சார்பற்ற தேசம் என்று பிரகடனம் செய்தது. 2015ம் வருஷத்து அரசியல் சட்டம் அச்சொல்லை நிலைநிறுத்தி, தொன்றுதொட்டு வரும் தர்மத்தையும் பண்பாட்டையும் காப்பதும் அதன் பொருளில் அடங்கும் என்று ஒரு விளக்கத்தையும் சேர்த்தது. பூசல் அத்துடன் தீரவில்லை. மன்னராட்சியும் இந்து ராஜ்யமும் மீள வேண்டுமென்று 2025ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் காட்மாண்டு நகரில் நடந்த ஆர்ப்பாட்டம் கலகமாக முடிந்து, இருவர் உயிரிழந்தனர்.

தேசத்துக்கு என்ன பெயர் சூட்டுவது என்பதில் இரு கட்சியாரும் இவ்வளவு ஊக்கம் காட்டுகின்றனர். ஆனால் அந்நாட்டுக் குடியானவன் ஆண்டுதோறும் தோள்கொடுத்து இழுக்கும் தேரில் வீற்றிருக்கும் தெய்வம் எந்தச் சமயத்தைச் சேர்ந்தது என்று கேட்டால் இருவருமே திகைக்க நேரும். அக்கேள்வியையே நாம் இன்று விசாரிக்கப் புகுகிறோம்.

இரு வாசல்கள்

காட்மாண்டு, லலிதபுரி, பக்தபுரி என்னும் மூன்று பழைய நகரங்கள் அடங்கிய பள்ளத்தாக்கே ஆதியில் நேபாளம் என வழங்கியது. அதன் பழங்குடிகளான நேவார் மக்கள் தங்களுக்குள் இருதிறத்தாரைப் பிரித்துச் சொல்வர். சிவமார்க்கி என்பார் ஒரு சாரார். புத்தமார்க்கி என்பார் மற்றொரு சாரார். வேற்றுமை யாதெனில், வீட்டுச் சடங்குக்குப் பிராமணப் புரோகிதரை அழைப்பவர் முன்னவர். வஜ்ராசாரியர் என்னும் பௌத்தப் புரோகிதரை அழைப்பவர் பின்னவர். இந்த வஜ்ராசாரியர்கள் மொட்டையடித்துக் காவி தரித்த துறவிகளல்லர். மனைவி மக்களோடு விகாரைகளைச் சூழ வாழ்ந்து, பரம்பரையாகப் பூஜை செய்து வரும் இல்லறத்தார். புரோகிதர் வேறாயினும் கோயில்கள் வேறாகவில்லை. இரு சாராரும் ஒரே சந்நிதியில் நிற்கின்றனர். ஒரே திருவிழாவில் கலக்கின்றனர்.

சில உதாரணங்கள் கூறுவோம். பள்ளத்தாக்கு முழுதும் ஒருகாலத்தில் ஏரியாய் இருந்ததென்றும், மஞ்சுஸ்ரீ போதிசத்துவர் தம் வாளால் சோபார் என்னுமிடத்தில் மலையைப் பிளந்து நீரை வடியவிட்டார் என்றும் சுயம்பு புராணம் கூறும். சுயம்புநாதர் குன்றில் அந்த மஞ்சுஸ்ரீக்கு உள்ள சந்நிதியிலேயே, வசந்த பஞ்சமியன்று பள்ளிப் பிள்ளைகள் திரண்டு சரஸ்வதி பூஜை செய்கின்றனர். அதே குன்றில் குழந்தைகளைக் காக்கும் ஹாரீதி தேவியின் கோயில் இருக்கிறது. பௌத்தர்களுக்கு அவள் புத்தர் திருத்திய யக்ஷிணி. இந்துக்களுக்கோ அம்மை நோய் தணிக்கும் சீதளா தேவி. பிள்ளைக்கு நோய் கண்ட தாய் எந்தப் பெயரைச் சொல்லி அழுதாலும் வாசல் ஒன்றே. சைவத்தின் பெருந்தலமாகிய பசுபதிநாதத்திலோ, ஆண்டில் ஒரு நாள் லிங்கத்துக்குப் புத்தருடைய மகுடம் சூட்டி வழிபடுகின்றனர்.

இத்தகைய ஜனங்களிடம் ஜனக்கணக்குக் குமாஸ்தா சென்று, “உமது சமயம் யாது?” என்று கேட்கிறான். தாளில் ஒரு விடைக்குத்தான் இடமுண்டு. 2021ம் வருஷக் கணக்கின்படி நேபாளத்தில் நூற்றுக்கு 81 பேர் இந்துக்கள். 8 பேர் பௌத்தர்கள். இந்த எண்கள் பிழையென்று நாம் சொல்லவில்லை. இரு வாசல்களிலும் நுழைந்து பழகியவனை ஒரு வாசலில் நிறுத்திவைத்து எண்ணிய எண்கள் அவை என்றே சொல்லுகிறோம்.

தேரில் வரும் கருணாமயர்

லலிதபுரித் தேர்த்திருவிழாவை ஆராய்ந்தால் இவ்விஷயம் இன்னும் தெளிவாகும். தேரில் எழுந்தருளும் செந்நிறத் திருமேனிக்குப் பெயர்கள் பல. இந்துக்கள் அவரை மத்ஸ்யேந்திரநாதர் என்பர். கோரக்ஷநாதருக்குக் குருவாகிய யோகி என்று கொண்டாடுவர். பௌத்தர்கள் அவரைத் தாமரை ஏந்திய அவலோகிதேசுவரர் என்றும் கருணாமயர் என்றும் போற்றுவர். உழவர்களோ இவ்விரண்டையும் விட்டு, ‘புங்கமதி ஊர்த் தெய்வம்’ என்று பொருள்படத் தங்கள் மொழியிலேயே அழைப்பர். ஆண்டில் ஒரு பாதி லலிதபுரியிலும் மறுபாதி தெற்கேயுள்ள புங்கமதி கிராமத்திலும் அவர் வாசம் செய்கிறார்.

அவர் வந்த கதையும் கேட்கத்தக்கதே. தமக்குரிய மரியாதை கிடைக்காமையால் சினங்கொண்ட கோரக்ஷநாதர், மழைக்குரிய நாகங்களை அடக்கி அவற்றின்மேல் யோகத்தில் அமர்ந்தார். பன்னிரண்டு வருஷம் மழையில்லை. குரு வந்தால் சீடர் எழுந்து வணங்குவார், நாகங்கள் விடுபடும் என்று கருதி, நரேந்திரதேவன் என்னும் அரசனும், பந்துதத்தர் என்னும் பௌத்த ஆசாரியரும், லலிதன் என்னும் உழவனும் காமரூப தேசம் சென்று மத்ஸ்யேந்திரரை அழைத்து வந்தனர், மழை பெய்தது. ஆசாரியர் மந்திரத்தால் அழைத்தார். அரசன் ஆதரவு தந்தான். உழவன் சுமந்து வந்தான். இம்மூவரில் ஒருவரை நீக்கினாலும் கதை நடவாது. திருவிழாவின் தத்துவம் முழுதும் இக்கதையில் அடங்கியிருக்கிறது.

இந்தப் பெயர்கள் தமிழருக்குப் புதியன அல்ல. மச்சமுனியும் கோரக்கரும் நம் சித்தர் வரிசையில் உள்ளவர்கள். அவலோகிதரோ நமக்கு இன்னும் நெருங்கியவர். 11ம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடமே என்று கூறுகிறது. தமிழ்நாட்டில் அப்பெயர் ஏட்டில் மட்டும் எஞ்சியிருக்கிறது. நேபாளத்தில் அவர் இன்றும் வீதியில் தேரேறி வருகிறார். அவ்வளவே வேற்றுமை.

தேரின் உயரம் சுமார் 60 அடி. ஆண்டுதோறும் அது புதிதாகக் கட்டப்படுகிறது. ஆணி அறையாமல், மரமும் பிரம்பும் கயிறுமே கொண்டு கட்டுவர். மரவேலை பாராஹி என்னும் குடியினருக்கு உரியது. பிரம்பும் கயிறும் கொண்டு கோபுரம் எழுப்புவது யங்வால் என்னும் குடியினர் பொறுப்பு. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் தனிக் குடியினர் உண்டு. பூஜைக்குப் பௌத்த குலத்தவராகிய பானேஜுகள் வருகின்றனர். ஒரு குறிப்பிட்ட இடத்தில் வடம் பிடிக்கும் உரிமை பெண்களுக்கு மட்டுமே உரியது. அங்கே ஆடவர் விலகி நிற்பர். பன்னிரண்டு வருஷங்களுக்கு ஒருமுறை தேர் புங்கமதியிலிருந்தே புறப்படும். 2015ம் வருஷத்தில் அவ்வாறு புறப்பட்ட சமயத்தில்தான் ஏப்ரல் 25ந் தேதி பூகம்பம் நேர்ந்து, புங்கமதிக் கோயில் இடிந்து தரைமட்டமாயிற்று. தேர் வழியிலேயே நின்றது. ஜனங்கள் தம் வீடுகளின் இடிபாடுகளை அகற்றி மூச்சுவிட்ட சில மாதங்களில் அதனை மீண்டும் நடத்திச் சென்றனர்.

திருவிழாவின் இறுதிநாளில் ஜவலாகேல் மைதானத்தில் நடக்கும் ஒரு சடங்கு, நியாயஸ்தலங்களில் பழகியவர்களுக்குத் தனிச் சுவை தரும். நாகராஜனுடைய மனைவியின் கண்ணோயைத் தீர்த்த உழவன் ஒருவனுக்கு, ரத்தினம் இழைத்த ஒரு சட்டை பரிசாகக் கிடைத்ததாம். அதை ஒரு பேய் திருடிற்று. பின்னர்த் தேர்விழாக் கூட்டத்தில் பேயின்மேல் அதைக் கண்டு உழவன் பற்ற, இருவரும் ‘என்னுடையது’ என்று வழக்காடினர். சாட்சியம் கொண்டு உரிமையை நிரூபிப்பவர் வரும்வரை சட்டை தேரிலுள்ள தெய்வத்தின் வசமே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அன்றுமுதல் ஆண்டுதோறும் தேரின்மேல் நின்று நான்கு திசைக்கும் சட்டையை உயர்த்திக் காட்டுகின்றனர். நிரூபிப்பவர் இதுகாறும் வரவில்லை. சட்டை தெய்வத்தின் காப்பில் இருந்து வருகிறது.

தெய்வத்தைப் பற்றிய வழக்கும் இத்தகையதே என்று நாம் கருதுகிறோம். கருணாமயர் இந்துவா, பௌத்தரா என்ற வழக்கில் எவரும் தீர்ப்புப் பெறவில்லை. தீர்ப்பு வேண்டும் என்று மனுச் செய்யவுமில்லை. தீர்ப்பில்லாமலே இரு சாராரும் பல நூற்றாண்டு காலம் வடம் பிடித்து வந்திருக்கின்றனர்.

குமாரியும் மன்னனும்

காட்மாண்டு நகரத்துக் குமாரி வழிபாடும் இவ்வகையினதே. பௌத்த சாக்கியர் குலத்தில் பிறந்த ஒரு சிறுமியைத் தேர்ந்தெடுத்து, மல்ல அரசர்களின் குலதெய்வமாகிய தலேஜு தேவியின் உருவாக வழிபடுகின்றனர். பௌத்தக் குழந்தை, இந்து தேவி, வணங்கும் மன்னனும் இந்து. அவளுக்குரிய மாளிகையை 1757ம் வருஷத்தில் ஜயப்பிரகாச மல்லன் கட்டினான். 1768ல் கூர்க்கா அரசனாகிய பிருத்வி நாராயண ஷா, இந்திர விழா நடந்துகொண்டிருக்கையில் படையுடன் நகருள் புகுந்தான். மல்லன் ஓடினான், விழா நிற்கவில்லை. வென்றவன் தோற்றவனுடைய தேவியின் முன் தலைகுனிந்து நெற்றியில் திலகம் பெற்றான். ஜனங்கள் அவனை அரசனாக ஏற்றனர். 2008ம் வருஷம் மே மாதம் 28ந் தேதி மன்னராட்சி ஒழிந்தது. அதன்பின் ஜனாதிபதி அந்தத் திலகத்தைப் பெறுகிறார். இராஜ வமிசங்கள் இரண்டு போயின; குடியரசும் வந்தது; சிறுமியின் முன் குனிவது மட்டும் மாறவில்லை.

ஆயினும் அச்சிறுமியும் ஒரு பிரஜை என்பதை மறத்தலாகாது. பூப்பெய்துமுன் அவள் பதவி நீங்கி மானிட வாழ்வுக்குத் திரும்ப வேண்டியவள். கல்வியின்றி அடைபட்டிருந்தால் அவ்வாழ்வு என்னாவது? 2008ம் வருஷத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வழிபாட்டைத் தடை செய்யாமல், கல்வி முதலிய குழந்தை உரிமைகள் குமாரிக்கு மறுக்கப்படலாகாது என்று தீர்ப்பளித்தது. மரபும் பிழைத்தது, குழந்தையும் பிழைத்தது. சீர்திருத்தம் செய்யும் முறை இதுவென்று நாம் கூறுவோம்.

இருளும் உண்டு

இவ்வளவும் கூறியதால், அங்கு எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. ஜனங்கள் ஒன்றாக வழிபட்டது உண்மை. ஆள்வோர் ஒன்றாக வைக்கவில்லை என்பதும் உண்மை. ராணா பிரபுக்களில் முதல்வரான ஜங் பகதூர் 1854ல் இயற்றிய சட்டம், தேசத்து ஜனங்கள் அனைவரையும் மேல் கீழ் என ஜாதிப் படிகளில் வரிசையாக நிறுத்திற்று. பௌத்தரும் அப்படிகளில் ஏற்றி எண்ணப்பட்டனரே அன்றி, சம உரிமை பெற்ற சமயத்தாராகக் கருதப்படவில்லை. திபெத்திய முறையில் துறவு பூண்ட நேவார்த் துறவிகள் 1926ல் நாடு கடத்தப்பட்டனர். 1944ல் தேரவாதத் துறவிகளும், போதனை செய்யலாகாது, பிறருக்குத் துறவு அளிக்கலாகாது என்ற கட்டளைக்குப் பணிய மறுத்தமையால் வெளியேற்றப்பட்டனர். இலங்கையிலிருந்து நாரத தேரர் 1946ல் தூது சென்று பேசிய பின்னரே அவர்கள் தாய்நாடு திரும்ப முடிந்தது. நேவார் மொழியில் கவிதை எழுதிய குற்றத்துக்காகச் சித்ததர ஹிருதயர் ஏறக்குறைய ஐந்து வருஷம் சிறையில் கிடந்தார். அச்சிறையிலேயே புத்தர் பெருமானின் சரிதத்தைச் ‘சுகத சௌரபம்’ என்னும் பெருங்காப்பியமாகப் பாடி முடித்தார்.

‘புத்தர் திருமாலின் அவதாரம்; ஆகவே பௌத்தர் இந்துக்களே’ என்ற வாசகம் கோயில் வாசலில் சொல்லப்படும்போது அன்பாகும். அரண்மனையிலிருந்து கட்டளையாக வரும்போது அதுவே வாய்ப்பூட்டாகும். ஒரே சொல் இருவேறு பொருள் தருவது சொல்பவன் நிற்கும் இடத்தினால்.

ஜனங்களும் வாளா இருந்துவிடவில்லை. அவர்களுக்குத் திருவிழாவே ஒரு சபையாக உதவிற்று. ஆவணி அவிட்டப் பௌர்ணமிக்கு மறுநாள் வரும் காய் ஜாத்திரை இதற்குச் சான்று. அவ்வருஷம் இறந்தவர்களின் குடும்பத்தார் பசுவையோ, பசு வேடமிட்ட சிறுவனையோ வீதிவலம் அனுப்புவர். மகனை இழந்த அரசியைத் தேற்றுவதற்காகப் பிரதாப மல்லன் இதில் கேளிக்கையைச் சேர்த்தான் என்பது வழக்கு. அந்தக் கேளிக்கை நாளடைவில் ஆட்சியாளரை எள்ளி நகையாடும் உரிமையாக வளர்ந்தது. கட்சிகள் தடை செய்யப்பட்டிருந்த பஞ்சாயத்து ஆட்சிக் காலத்திலும், மற்ற நாளில் சொல்லமுடியாததைப் பகடியாக அன்று சொல்ல முடிந்தது. அடுத்த ஓரிரு நாளில் லலிதபுரிப் பௌத்தர்கள், இறந்தவர் பொருட்டு விளக்கேந்தி விகாரைதோறும் நடந்து செல்வர். துயரத்துக்கும் அங்கு இருசமயமும் உண்டு.

காப்பவர் யார்?

அரசன் காத்தானல்லன், சட்டமும் காக்கவில்லை. பின்னர் இவற்றைக் காத்தது எது? ‘குத்தி’ எனப்படும் ஸ்தாபனமே காத்தது. கோஷ்டி என்னும் வடசொல்லின் திரிபு அது. முன்னோர் ஒரு காரியத்துக்கென்று நிலத்தை எழுதி வைப்பர். அந்நிலத்தின் வருமானத்தைக் கொண்டு அக்காரியத்தை முறைவைத்து நடத்தும் குடும்பங்களின் கூட்டமே குத்தி. கோயில் பூஜைக்கு ஒரு குத்தி, வாத்தியத்துக்கு ஒன்று, வழிப்போக்கர் மண்டபத்தைப் பழுது பார்க்க ஒன்று, பிணம் தூக்க ஒன்று. இந்து தேவனுக்கும் உண்டு, பௌத்த விகாரைக்கும் உண்டு. ஜாதி வேற்றுமைகள் இதிலும் இல்லாமற் போகவில்லை. ஆயினும், தன் முறை வரும்போது தன் கையால் வேலை செய்பவனுக்கு, ‘இது என் தெய்வம்’ என்று சொல்ல எவரிடமும் அனுமதி பெறவேண்டியதில்லை.

இந்த வேரிலேதான் இப்பொழுது கோடரி விழுகிறது. 1964ல் அரசாங்கம் குத்தி ஸ்தாபனம் என்னும் ஓர் இலாகாவை ஏற்படுத்தி, பொதுக் குத்திகளின் நிலங்களைத் தன்வசப்படுத்தியது. நிலம் கொடுத்த பயிரால் நடந்த விழா, இலாகா அளக்கும் ரொக்கத்தை எதிர்பார்த்து நிற்கலாயிற்று. விளைவு என்ன? 2008ம் வருஷம் இந்திர விழாவில் பலியிடும் ஆடு எருமைகளுக்குரிய தொகையைப் புதிய குடியரசின் நிதி மந்திரி வெட்டினார், காட்மாண்டு வீதிகளில் கலகம் மூண்டது, அரசாங்கம் பின்வாங்கிற்று. உயிர்ப்பலியை நாம் ஆதரிப்பவரல்லோம். எனினும், ஜனங்களின் மனச்சாட்சியை மாற்றும் வேலையை வரவு செலவுக் கணக்கின் ஒரு வரியைக்கொண்டு முடித்துவிடலாம் என்று எண்ணியது பேதைமை. அவ்வருஷ முடிவில், கர்நாடகத்திலிருந்து வந்து பசுபதிநாதரைப் பூஜிக்கும் பட்டர்களை நீக்கி வேறு பூசகரை நியமித்த உத்தரவும் அவ்வாறே எதிர்ப்பைக் கிளப்பி, சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது.

2019ம் வருஷத்தில் குத்திகள் அனைத்தையும் ஓர் அதிகாரத்தின் கீழ்க் கொணர ஒரு மசோதா வந்தது. ஜூன் மாதம் 19ந் தேதி பல்லாயிரவர் காட்மாண்டு நகரில் திரண்டனர். சிவமார்க்கி, புத்தமார்க்கி என்ற பேதம் அக்கூட்டத்தில் இல்லை. மசோதா வாபஸாயிற்று. மறுவருஷம் கொள்ளை நோயை முன்னிட்டுத் தேரோட்டம் தடைப்பட்டபோது, செப்டம்பர் 3ந் தேதி லலிதபுரி ஜனங்கள் தடையை மீறி வடம் பிடித்தனர். போலீசார் நீரையும் கண்ணீர்ப் புகையையும் பிரயோகித்தனர். நோய்க்காலத்தில் கூட்டம் கூடியது விவேகமன்று. ஆனால் குத்தியாரை அழைத்து உரிய காலத்தில் கலந்து பேசியிருந்தால் புகைக்கு அவசியம் நேர்ந்திராது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இந்து ராஜ்யம் வேண்டும் என்பாரும், சமயச் சார்பற்ற அரசே போதும் என்பாரும் இதிலிருந்து அறியவேண்டியது ஒன்றே. அந்தத் தெய்வங்கள் அரசுக்குச் சொந்தமல்ல. ஆகையால் ஒரு சமயத்துக்கு எழுதிக் கொடுக்கவும் அரசுக்கு அதிகாரமில்லை, கைவிட்டு ஒதுங்கவும் அதற்கு உரிமையில்லை. குத்திகளிடமிருந்து பெற்ற நிலத்துக்கு நேர்மையான கணக்குக் காட்டட்டும். விழாக்களை நடத்தும் பொறுப்பைக் குத்தியாரிடமே விடட்டும். குழந்தையின் உரிமையோ, தாழ்த்தப்பட்டவனின் உரிமையோ பழுதுபடுமிடத்தில் மட்டும் நீதிமன்றம் கைநீட்டட்டும். இதற்குமேல் ஓர் அரசு சமயத்துக்குச் செய்யக்கூடியது இல்லை; இதற்குக் குறைந்து செய்வதும் தகாது.

ஜவலாகேல் மைதானத்தில் அந்தச் சட்டையைத் தூக்கிக் காட்டும்போது நேபாளத்தின் தலைவர் எதிரே வந்து நிற்பது மரபு. முன்னர் மன்னர் நின்றார். இப்பொழுது ஜனாதிபதி நிற்கிறார். சட்டைக்கு அவர் உரிமை கொண்டாடுவதில்லை. வழக்கில் தீர்ப்புச் சொல்லுவதுமில்லை. பொருள் பத்திரமாயிருக்கிறது என்பதற்குச் சாட்சியாக நின்றுவிட்டுத் திரும்புகிறார். ஆள்வோர் அந்த ஒரு நாளில் நிற்கும் நிலையிலேயே வருஷம் முழுதும் நிற்கப் பழகுவார்களாயின், தேர் தன் வழியே போய்ச் சேரும்.